துளையிட்ட அட்டை

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளின் மேல் ஒரு பெட்டியும், அதிலிருந்து கோத்துத் தொங்கும் துளையிட்ட அட்டைகளும் இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். நெசவாளர்கள் ஜக்கார்டு என்று அழைக்கும் அந்த அமைப்பு பிரான்சின் லியோன் நகரில் உருவானது. அதற்கு முன் அங்கே பூவேலைத் துணி நெய்ய வேண்டுமானால், தறியருகே ஒரு சிறுவன் நின்று, குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடைக்கும், நீளவாக்கில் ஓடும் எந்தெந்தப் பாவு இழைகள் உயர வேண்டுமோ அவற்றின் கயிறுகளை நாள் முழுதும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தச் சிறுவனின் நினைவாற்றலை அட்டைக்கு மாற்றியதுதான் கண்டுபிடிப்பு. ஓர் அட்டை வந்து ஊசிகளின் வரிசைமேல் அழுந்துகிறது. துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடுவதால், அதனோடு இணைந்த கொக்கி நிமிர்ந்தே நின்று, மேலெழும் சட்டத்தில் மாட்டிக்கொண்டு தன் இழைகளைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்பட்டு, கொக்கி சாய்ந்து, இழை அப்படியே கிடக்கிறது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என்பது கணக்கு.

இதை 1804இல் செம்மையாக்கியவர் ஜோசப் மரி ஜக்கார்டு. ஆனால் துளையிட்ட காகிதச் சுருளை 1725இலேயே பூஷோன் தறியில் பயன்படுத்தியிருந்தார். ஃபால்கோன் அதை அட்டைகளாக்கினார். வோக்கான்சோன் தறியைத் தானே இயங்கச் செய்ய முயன்றார். இவர்களில் ஒருவரை மட்டும் கண்டுபிடிப்பாளர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துளைக்கும் நூலுக்கும் உண்மையில் உறவே இல்லை, துளை சொல்வது 'ஆம்' அல்லது 'இல்லை' என்பதை மட்டுமே என்று ஒருவர் உணரும்போதுதான் அடுத்த கண்டுபிடிப்பு பிறக்கிறது. லண்டனில் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் தாம் வடிவமைத்த கணக்குப்பொறிக்கு இதே அட்டைகளைத் தேர்ந்தார். ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வதுபோல இந்தப் பொறி இயற்கணிதக் கோலங்களை நெய்கிறது என்று 1843இல் ஏடா லவ்லேஸ் எழுதினார். பொறி முழுமையாகக் கட்டப்படவில்லை; எண்ணம் நிலைத்தது. அமெரிக்காவில் ஹெர்மன் ஹாலரித், ரயிலில் நடத்துநர் பயணியின் முடி, கண், மூக்கு ஆகியவற்றின் அடையாளங்களைப் பயணச்சீட்டில் துளையிட்டுக் குறித்ததைக் கண்டு, ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அட்டை என்று அமைத்தார். 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அப்படித்தான் எண்ணப்பட்டது.

ஏற்கெனவே இருப்பதை வேறோர் இடத்தில் பொருத்திப் பார்க்கும் இவ்வகையிலேயே கதையும் பிறக்கிறது என்று நான் நம்புகிறேன். ஏடாவின் தந்தையான கவிஞர் பைரன், 1816ஆம் ஆண்டுக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்தார். முந்தைய ஆண்டு இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக அந்தக் கோடை குளிரும் மழையுமாகக் கழிந்தது. வெளியே செல்ல முடியாத நண்பர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் பைரன். மின்சாரம் பட்டால் செத்த தவளையின் கால் துடிக்கும் என்ற இத்தாலிய அறிவியலாளர் கால்வானியின் சோதனையை ஒட்டி, உயிரை மீட்க முடியுமா என்ற பேச்சும் அங்கே நடந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த 18 வயது மேரி (பின்னாளில் மேரி ஷெல்லி) எழுதத் தொடங்கியதுதான், ஓர் உருவத்தைச் செய்து அதற்கு உயிர் கொடுப்பவனின் கதையான 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல்.

பேய்க்கதையும் மின்சாரச் சோதனையும் எல்லோருக்கும் முன்னால்தான் கிடந்தன. மேரி செய்தது அவற்றை இணைத்தது மட்டுமன்று. படைத்தவனால் கைவிடப்பட்ட அந்த உயிர், கதையின் நடுவே, தன் துயரத்தைத் தன் வாயாலேயே சொல்லுமாறு அமைத்தார்.