ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொல்லுங்கள்

கணித, அறிவியல் ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகம் பயிற்சி நடத்துகிறதா? வரவேற்புரைக்கு முன்பே ஆளுக்கொரு வெள்ளைத் தாளைக் கொடுத்து இதைக் கேட்டுவிடுங்கள்: 1¾ ÷ ½ எவ்வளவு? இந்தக் கணக்கு தேவைப்படும்படி அடுப்படியிலோ கடையிலோ நடக்கிற ஒரு நிகழ்ச்சியையும் எழுதுங்கள்.

விடை மூன்றரை. தலைகீழாக்கிப் பெருக்கினால் அரை நிமிட வேலை. பேனா நிற்பது இரண்டாவது பகுதியில்தான். "ஒன்றே முக்கால் லிட்டர் பாலை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரித்தால்" என்று எழுதினால் அது 2 ஆல் வகுப்பது. "ஒன்றே முக்கால் லிட்டரில் பாதி" என்றால் அது ½ ஆல் பெருக்குவது. இரண்டுக்கும் விடை முக்காலே அரைக்கால், கேட்டது அதுவல்ல. ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் எத்தனை பாட்டில் வரும் என்பதே பொருத்தமான கதை. மூன்று பாட்டில் நிறையும், கால் லிட்டர் மிஞ்சும். இங்கே இன்னொரு சறுக்கல் காத்திருக்கிறது. மிஞ்சியது கால் என்பதால் விடை மூன்றே கால் என்று குழந்தை சொல்லும். அந்தக் கால் லிட்டர், அரை லிட்டர் பாட்டிலில் பாதி. அலகு லிட்டரிலிருந்து பாட்டிலுக்கு மாறியதைக் கவனித்தால்தான் மூன்றரை வரும். வகுத்தால் எண் சின்னதாகத்தானே ஆக வேண்டும், இங்கே ஏன் பெரிதானது என்ற கேள்விக்கும் பதில் அந்தப் பாட்டிலிலேயே இருக்கிறது.

இதே கணக்கை அமெரிக்காவிலும் சீனாவிலும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் கேட்ட கல்வி ஆய்வாளர் லிப்பிங் மா, 1999இல் தன் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் 9 பேர் மட்டுமே கணக்கைச் சரியாக முடித்தார்கள். பொருந்தும் கதை சொன்னவர் ஒருவர். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகப் போட்டார்கள். அவர்களில் 65 பேர் பொருந்தும் கதையும் சொன்னார்கள். அந்தச் சீன ஆசிரியர்கள் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஒன்பதாம் வகுப்புக்குப் பின் சில ஆண்டு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்கள். வேலைக்கு வந்த பிறகு சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடநூலை வரிவரியாக அலசுகிற வழக்கம் அவர்களிடம் இருந்தது.

ஆசிரியருக்குப் பாடம் போதவில்லை, எனவே பட்டப்படிப்புப் பாடத்தைச் சுருக்கி ஐந்து நாள் உரையாற்றிவிடலாம் என்று பல்கலைக்கழகங்கள் நினைப்பதை இந்த ஒரு கணக்கே கேள்விக்குள்ளாக்குகிறது. நுண்கணிதம் நடத்தும் பேராசிரியருக்கும் அந்தப் பாட்டில் கதை உடனே வராமல் போகலாம். பாட அறிவு ஒன்று, அந்தப் பாடத்தில் குழந்தை எங்கே தடுமாறும் என்கிற அறிவு இன்னொன்று. அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986இல் இந்த இரண்டாவது அறிவைக் 'கற்பித்தல்சார் பாட அறிவு' என்று தனியாகப் பெயரிட்டுக் காட்டினார். பேராசிரியர் பயிற்சிக்கு வருமுன் ஒரு பள்ளியிலிருந்து முப்பது விடைத்தாள்களை வாங்கிப் படிக்க வேண்டும். ஒரு முழுப் பாடவேளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யாதவரை மேடையேற்றாமல் இருப்பதே நல்லது.

இந்தியாவில் இதை ஊன்றிச் செய்துகாட்டியது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் கிஷோர் பாரதி, ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு அமைப்புகள் தொடங்கின. டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் தோள் கொடுத்தார்கள். 1978இல் மாவட்டம் முழுதும் பரவியது; 1982இல் பிறந்த ஏகலவ்யா என்ற கல்வி அமைப்பு பிறகு அதை ஏற்று நடத்தியது. கோடையில் மூன்று வாரப் பயிற்சி. ஆசிரியர்கள் குழுக்களாக உட்கார்ந்து, மாணவர் செய்யப்போகும் ஒவ்வொரு சோதனையையும் முதலில் தாங்களே செய்தார்கள். பிறகு மாதாமாதம் கூட்டம், பள்ளிக்கே வந்து பார்க்கும் குழு, புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு. 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டு உழைப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மாதாந்திரக் கூட்டத்தை. கோடையில் கற்றது செப்டம்பரில் வகுப்பறையில் தடுமாறும்போது, அதைக் கொண்டுபோய்ச் சொல்ல ஓர் இடம் இருந்தது.

தானே செய்து பார்ப்பது என்றால் என்ன? மின்சுற்றுப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். நால்வர் குழுவுக்கு 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, இழை உள்ள பழைய டார்ச் பல்பு ஒன்று, ஒரு சாண் மின்கம்பி ஒன்று. பல்பை எரிய வையுங்கள் என்று சொல்லிவிட்டு இருபது நிமிடம் வாய் திறக்கக் கூடாது. பல்பு ஹோல்டரைக் கொடுக்கவே கூடாது. பல்பை அடி முனையில் ஒரு தொடுதல், பக்கத்து உலோக உறையில் ஒரு தொடுதல் என இரண்டு இடத்தில் தொட வேண்டும் என்பதுதான் பாடம். ஹோல்டர் அதை மறைத்துவிடும். கம்பியால் பேட்டரியின் இரு முனையையும் நேராக இணைத்தால் கம்பி சுடும், உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள். எனாமல் பூசிய கம்பி என்றால் நுனியைச் சுரண்டாமல் எரியாது. இழை பல்பு கிடைக்காமல் எல்இடி வாங்கினால் ஒரு பேட்டரி போதாது. சிவப்பு எல்இடிக்கே ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும். இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 100 ஓம் மின்தடை ஒன்றும் சேர்க்க வேண்டும், முனை மாறினால் எரியாது. நாற்பது ஆசிரியருக்குப் பத்துப் பல்பு கணக்கு வரும், குறைந்தது பதினைந்து வாங்கிவையுங்கள்.

அடுத்து இரண்டு பல்பைத் தொடராக இணைக்கச் சொல்லுங்கள். முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும், இரண்டாவது மங்கலாக எரியும் என்று நம்புகிறவர்கள் அறையில் இருப்பார்கள். ஒரே மாதிரிப் பல்புகள் என்றால் இரண்டும் ஒரே அளவில் ஒளிரும். வெவ்வேறு பெட்டியிலிருந்து எடுத்த பல்புகள் என்றால் ஒன்று மங்கலாகத் தெரியலாம், தவறான நம்பிக்கை இன்னும் கெட்டியாகும்! அப்போது இரண்டு பல்பையும் இடம் மாற்றுங்கள். மங்கல் பல்போடு நகர்ந்தால் கோளாறு பல்பில்; இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த ஒரு மாற்றலைப் பயிற்சியிலேயே செய்து பழகாதவர், வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் திகைத்து நிற்பார்.

தனி ஊசலிலும் இப்படித்தான். ஒரு மீட்டர் ஊசல் பத்து முறை முழுதாக ஆடிவர ஏறக்குறைய 20 நொடி ஆகும். பாதிக் குழுக்களுக்கு 18 வந்தால், குண்டை விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருப்பார்கள். விடும்போது "சுழியம்" சொல்ல வேண்டும். நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும்.

மாநிலத்தில் கற்றவர் மாவட்டத்துக்கு, மாவட்டத்தில் கற்றவர் வட்டாரத்துக்கு என்று படிப்படியாக இறக்கும் முறையில் முதலில் காணாமல் போவது பல்பும் கம்பியும்தான். கடைசிப் படிக்கு வந்து சேர்வது திரையில் காட்டும் படவில்லை (ஸ்லைடு) மட்டும். ஆள் குறைவாக இருந்தாலும் பல்கலைக்கழகக் குழு கடைசி ஆசிரியரை நேரில் சந்திப்பதே மேல். ஐந்து நாளை ஒரே வாரத்தில் தீர்த்துவிடாமல் முதலில் இரண்டு நாள், பிறகு மாதம் ஒரு நாள் என மூன்று மாதம் பிரித்துக்கொள்ளுங்கள். மின்சுற்றுப் பாடம் எந்த வாரம் நடக்கிறது என்று பள்ளியில் கேட்டு, அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பாகப் பயிற்சியை வையுங்கள். பல்கலைக்கழகத்தின் பருவத் தேர்வு நாள்காட்டியைப் பார்த்துத் தேதி குறித்தால் பாடம் முடிந்த பிறகு பயிற்சி வரும். முடிந்தால் ஒரே பள்ளியிலிருந்து இருவரை அழையுங்கள். தனியாகத் திரும்பிப் போகிறவருக்குச் சோதனை சொதப்பினால் பேசக்கூட ஆளில்லை.

பலனை அளக்கப் பின்னூட்டப் படிவம் உதவாது. அதில் எல்லாரும் "மிக நன்று" என்றே எழுதுவார்கள். அந்த ஆசிரியரின் மாணவர்களிடம் பயிற்சிக்கு முன்பும் மூன்று மாதம் கழித்தும் ஒரே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கேள்வி தேர்வதில் கவனம் வேண்டும். 0.35, 0.5 இரண்டில் எது பெரியது என்று மட்டும் கேட்டால், இலக்கம் அதிகமானால் எண் பெரிது என்று நினைக்கிற பிள்ளை மாட்டிக்கொள்ளும். இலக்கம் குறைந்தால் எண் பெரிது என்று தவறாக நினைக்கிற பிள்ளையோ 0.5 என்று சொல்லி முழு மதிப்பெண் வாங்கிவிடும். அதனால் 0.75, 0.5 என்ற இணையையும் சேர்த்துக் கேளுங்கள்.