ஆக்டோபஸின் கைகளில் என்ன இருக்கிறது?

கட்டுரைகளைத் திருத்துவது என் தொழில். பெரிய சில்லறை வணிக நிறுவனங்களைக் கண்டித்து வரும் வரைவுகளில் திமிங்கலம், அட்டை, ஆக்டோபஸ் இவற்றில் ஒன்றாவது முதல் பத்தியிலேயே இருக்கும். எழுதியவரின் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த உருவகமே அவர் காலை வாரிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒரு வரைவில், 'சப்ளையர்களின் ரத்தத்தை உறிஞ்சும் அட்டை' என்று இருந்தது. "சரி, எப்படி உறிஞ்சுகிறது?" என்று கேட்டேன். மளமளவென்று சொன்னார்: 30 நாளில் வர வேண்டிய பில் பணம் 90 நாள் கழித்துத்தான் வருகிறது, கண்ணில் படும் தட்டில் சரக்கை வைக்கத் தனிக் கட்டணம், விற்காமல் திரும்பும் சரக்கின் நஷ்டமும் சப்ளையர் தலையில். இதில் ஒன்றுகூட வரைவில் இல்லை. எல்லாவற்றின் இடத்தையும் அட்டை அடைத்துக்கொண்டிருந்தது. மூன்றையும் எழுதச் சொன்னேன். எழுதி முடித்ததும் அட்டையை அவரே அடித்துவிட்டார்.

உருவகமே கூடாது என்று சொல்லவில்லை. 1904இல் அமெரிக்காவின் 'பக்' என்ற நையாண்டி இதழ், ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய் நிறுவனத்தை ஆக்டோபஸாக வரைந்தது. அதன் கைகள் எஃகு, செம்பு, கப்பல் தொழில்களையும் நாடாளுமன்றக் கட்டடத்தையும் சுற்றியிருந்தன. ஒரு கை வெள்ளை மாளிகையை நோக்கி நீண்டது. எந்தக் கை எதைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்தது. இன்றைய கட்டுரைகளின் ஆக்டோபஸுக்குக் கைகள் மட்டும்தான் இருக்கின்றன.

எனக்கு அதிகம் உறுத்துவது 'சிறு கடைகளை அடித்துச் சென்ற சுனாமி' போன்ற வரி. சுனாமிக்கு யாரும் உத்தரவு போடுவதில்லை. அடக்க விலைக்கும் கீழே விற்கலாம் என்று முடிவெடுத்தது மனிதர்கள். சுனாமி என்று எழுதியதுமே அவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

அப்புறம், 'திருட்டு', 'மோசடி' என்ற சொற்கள். நீங்கள் உருவகமாக எழுதினாலும் அவை குற்றங்களின் பெயர்கள். ஆதாரம் இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரலாம்.

நிறுவனத்தின் வாயிலிருந்தே வந்த உருவகம் கிடைத்தால் விடாதீர்கள். சிறு பதிப்பகங்களிடம் பேரம் பேச அமேசான் வகுத்த திட்டத்துக்கு உள்ளுக்குள் 'கெஸல்' (ஒரு வகை மான்) என்று பெயர். நோஞ்சான் மானைச் சிறுத்தை துரத்துவதுபோல் அந்தப் பதிப்பகங்களை அணுக வேண்டும் என்று அமேசான் நிறுவனர் ஜெஃப் பெஸோஸ் சொன்னதிலிருந்து வந்த பெயர் அது என்று செய்தியாளர் பிராட் ஸ்டோன் 2013இல் எழுதினார். பிறகு நிறுவனத்தின் வக்கீல்கள் அதை 'சிறு பதிப்பகப் பேச்சுவார்த்தைத் திட்டம்' என்று மாற்றவைத்தார்களாம். இந்த இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து வைத்து, யார் சொன்னது என்பதையும் எழுதிவிட்டால் அந்தப் பத்தியில் வேறு மிருகம் தேவைப்படாது.