ஜனவரியில் அல்பட்ராஸ் இருக்காது

கலாபகோஸ் தீவுகளுக்குப் பயண ஏற்பாடு செய்து கொடுக்கும் எனக்கு, இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. ஜனவரிக்கு விமானச் சீட்டு எடுத்து, பணம் முழுவதையும் கட்டிவிட்ட ஒரு குடும்பத்தினர், அல்பட்ராஸ் பறவையைக் காண எந்தத் தீவில் தங்க வேண்டும் என்று கேட்டார்கள். எங்கே தங்கினாலும் காண முடியாது. எஸ்பானியோலா தீவில் கூடு கட்டும் அப்பறவைகள் ஏறக்குறைய ஏப்ரலில் வந்து டிசம்பரில் கடலுக்குத் திரும்பிவிடும்.

கலாபகோஸை ஒரு மிருகக்காட்சிசாலை போல, இறங்கியதும் எல்லாம் வரிசையாக நிற்கும் இடமாக எண்ணுவதுதான் இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் வேர். தென் அமெரிக்க நாடான எக்வடோரின் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் சிதறிக் கிடக்கும் எரிமலைத் தீவுகள் அவை. ஒவ்வொரு உயிருக்கும் தனித்தனி வீடு உண்டு. பறக்காத நீர்க்காகம் மேற்கே ஃபெர்னாண்டினாவிலும் இசபெலாவின் கரைகளிலும் மட்டுமே வாழ்கிறது. செங்கால் பூபி என்னும் கடற்பறவைகளைப் பெருந்திரளாகக் காண வடகிழக்கே ஹெனோவேசாவுக்குச் செல்ல வேண்டும். நான்கு நாள் கப்பல் பயணத்தில் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. கப்பலின் வழித்தடம் தேசியப் பூங்கா நிர்வாகத்தின் அனுமதிக்கு உட்பட்டது என்பதால், கேப்டனிடம் கெஞ்சியும் பயனில்லை. ஆகவே முதலில் விலங்கு, பிறகு மாதம், அதன்பின் வழித்தடம், கடைசியாகத்தான் விமானச் சீட்டு. நான்கு நாள்தான் விடுப்பு என்பவர்களிடம், என் வருமானம் போனாலும் பரவாயில்லை என்று, போகவே வேண்டாம் என்கிறேன்.

பூமத்தியரேகையில் குளிரா என்று சிரிக்காதீர்கள். ஜூன் முதல் நவம்பர் வரை குளிர் நீரோட்டத்தால் கடல் சில்லென்றிருக்கும், அலையும் கூடும். குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து செல்வோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக, அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்; சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். தீவுகளில் அந்த நோய் இல்லையே என்று வாதிடுவோர் உண்டு. எக்வடோர் நிலப்பகுதி வழியாகத்தானே திரும்புகிறீர்கள்? தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் வந்திறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம்.

வெளிநாட்டுப் பெரியவர்களுக்கான பூங்காக் கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் 200 டாலர். தீவுகளுக்குள் நுழையத் தேவையான போக்குவரத்து அட்டைக்குத் தனிக் கட்டணம். பழம், விதை, கறிவேப்பிலை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், சோதனையில் எடுத்துவிடுவார்கள். மனிதர் கொண்டுவந்த கொய்யா அங்கே மேட்டுநிலங்களை எப்படி ஆக்கிரமித்திருக்கிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்டிப்பு புரியும்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். எந்த விலங்கிடமிருந்தும் 2 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. கடற்சிங்கக் குட்டி தானாகவே உங்கள் காலருகே வந்தாலும், குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்காமல், நீங்கள்தான் பின்வாங்க வேண்டும்.