படத்தில் விழாத ஈரம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை ஆலை ஒன்றில் நீராவிக் குழாயின் வெல்டிங் இணைப்புகளை காமா கதிர் வீசும் இரிடியம்-192 கொண்டு படம் பிடித்து, குறையில்லை என்று எழுதிக் கொடுத்தேன். சில மாதங்களில் இணைப்பிலிருந்து ஓரடி தள்ளிக் குழாய் பொத்துக்கொண்டது. நல்லவேளை, அருகில் ஆளில்லை. பாய்லர் பார்க்கும் அண்ணன் கேட்டார்: "நீங்கதானே படம் பிடிச்சீங்க தம்பி, அப்புறம் எப்படி?"

மேலே சுற்றியிருந்த வெப்பக் கம்பளியைப் பிரித்தோம். மழைத்தண்ணீர் இறங்கி ஊறியிருந்தது. ஆலை நிற்கும் நாட்களில் அந்த ஈரம் இரும்பைத் தின்றிருக்கிறது.

நான் பிடித்தது இணைப்புகளை மட்டுமே. குழாய் முழுவதையும் பிடித்திருந்தாலும் அந்த ஈரம் தெரிந்திருக்காது. காமா கதிரை மறிப்பவை பொருளிலுள்ள எலக்ட்ரான்கள். இரும்புக்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மின்னேற்றம் இல்லாத நியூட்ரானோ அணுக்கருவோடுதான் மோதும். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அதைப் பலமாகச் சிதறடிக்கும். மெதுவான நியூட்ரான்களில் பாதிக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் ஈயத்தைக் கடந்துவிடும். அதே அளவு தண்ணீரில் மிகச் சொற்பமே நேராக வெளிவரும். அதனால் நியூட்ரான் படத்தில் ஈரம் தெரியும்.

இங்கே பாங்கி என்ற ஊரில் 1982 முதல் இயங்கும் 1 மெகாவாட் ஆராய்ச்சி அணு உலையில் நியூட்ரான் படமெடுக்கும் வசதி உண்டு. ஆனால் ஓடும் ஆலையின் குழாயை அறுத்தா அங்கே கொண்டுபோவது?

அதனால்தான் துகள்களை வேகப்படுத்தி மோதவிட்டு நியூட்ரான் தரும் முடுக்கிகள் மேல் எனக்கு இவ்வளவு ஆசை. ஜப்பானின் ரிக்கேன் ஆய்வகத்து 'ரான்ஸ்' கருவியில், 7 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான்கள் பெரிலியம் என்ற உலோகத்தில் மோதி நியூட்ரான்களைக் கிளப்புகின்றன. பாலிஎதிலீன் அவற்றின் வேகத்தைத் தணிக்கிறது. பெயின்ட் அடித்த எஃகின் துருவுக்குள் தண்ணீர் நகர்வதை அதில் பார்த்திருக்கிறார்கள். பெரிலியத்தில் தங்கும் புரோட்டான்கள் ஹைட்ரஜனாகிக் கொப்புளம் விடும் என்பதால், மெல்லிய பெரிலியத்துக்குப் பின்னால் அந்த ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ள வனேடியம் வைத்தார்கள். இன்னும் சிறிய ரான்ஸ்-2 பெரிலியத்துக்குப் பதில் லித்தியத்தைப் பயன்படுத்துகிறது. அது 180 டிகிரியிலேயே உருகும், குளிரூட்டல் பிசகக் கூடாது. பாலங்களைச் சோதிக்க அவை இருக்கும் இடத்துக்கே கருவியைக் கொண்டுபோவதுதான் அவர்கள் குறி.

கதிர் என்றாலே தோட்டத்து மக்கள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம். இரிடியத்தை அணைக்க முடியாது; 74 நாளில் பாதியாகும், அவ்வளவுதான். முடுக்கியின் மின்சாரத்தை நிறுத்தினால் நியூட்ரான் அப்போதே நின்றுவிடும். மோதிய தகட்டில் மட்டும் கொஞ்ச காலம் கதிரியக்கம் மிஞ்சும். அளவிடாமல் யாரும் கிட்டே போகக் கூடாது.

அந்தக் கருவி நம் பக்கம் வரும்வரை, படம் பிடிக்கும் முன் கம்பளியைச் சில இடங்களில் பிரித்துக் காட்டச் சொல்கிறேன். அந்த ஆலையில் அண்ணனே கத்தியோடு வந்துவிடுகிறார்.