டெக்சாஸில் எழுதிய கையேடு கலிபோர்னியாவில் செல்லாது

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை, டாலஸ் பக்கத்தில் ஐ.டி. கன்சல்டிங் கம்பெனி நடத்தும் நம்மூர்க்காரர் ஒருவர் போன் செய்தார். இருபது பேர் வேலை பார்க்கும் சின்ன நிறுவனம். யாருக்கும் சம்பளத்தை ஒரு நாள்கூடத் தள்ளிப் போட்டதில்லை. "கலிபோர்னியா லேபர் கமிஷனர் ஆபீஸிலேர்ந்து லெட்டர் வந்திருக்குங்க, எனக்கு அங்கே ஆபீஸே கிடையாதே" என்றார், குரலில் பதற்றம்.

ஆபீஸ் இல்லைதான், ஆனால் ஆள் இருந்தார். அவரிடம் வேலை பார்த்த ஒரு பெண் கல்யாணமாகிக் கணவர் இருக்கும் சான் ஹோசேவுக்குக் குடிபோனார், வீட்டிலிருந்தே அதே வேலையைத் தொடர்ந்தார். பேரோலில், அதாவது சம்பளப் பட்டியலில், முகவரியை மாற்றினார்கள், கலிபோர்னியா வரியும் ஒழுங்காகப் பிடித்தார்கள், கம்பெனி விதிகளை எழுதி ஊழியர்களுக்குக் கொடுக்கும் கையேட்டை மட்டும் யாரும் தொடவில்லை. இரண்டு வருஷம் கழித்து, முறைப்படி இரண்டு வார நோட்டீஸ் கொடுத்துவிட்டு அந்தப் பெண் விலகினார். கலிபோர்னியாவுக்குப் போன பிறகு சேர்ந்து, எடுக்காமல் இருந்த லீவு 9 நாள். "டிசம்பர் 31-க்குள் எடுக்காத விடுமுறை காலாவதியாகும், விலகும்போது பணமாகத் தரப்படாது" என்று கையேட்டின் 14-ஆம் பக்கத்தில் இருந்தது. அதை நம்பி லீவுக்குப் பணம் தரவில்லை.

டெக்சாஸில் அந்த வரியில் தப்பே இல்லை. அங்கே லீவுக்குக் காசு உண்டா இல்லையா என்பது கம்பெனி என்ன எழுதி வைத்திருக்கிறதோ அதைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் கதையே வேறு. அங்கே லீவு என்பது நாளாக நாளாகச் சம்பாதித்த சம்பளம், 1982-லேயே அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்பாதித்த சம்பளத்தை எப்படிக் காலாவதியாக்க முடியும்? ஒரு உச்சவரம்பு வைத்து, அதைத் தொட்டால் மேற்கொண்டு சேராது என்று எழுதலாம், அதற்கு அனுமதி உண்டு. சேர்ந்ததைப் பறிக்க அனுமதி இல்லை.

கணக்கைப் பாருங்கள். அந்தப் பெண்ணின் ஒரு நாள் சம்பளம் 400 டாலர். 9 நாளுக்கு 3,600 டாலர். இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதவே தேவையில்லை. கலிபோர்னியாவில் 72 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லிவிட்டு விலகுபவருக்குக் கடைசி வேலை நாளிலேயே எல்லாப் பாக்கியும் கைக்குப் போய்விட வேண்டும். சொல்லாமல் விலகினால் 72 மணி நேரத்துக்குள். வேலையைவிட்டு நீக்கினால் அந்த நிமிஷமே. தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் சம்பளம் அபராதம், அதிகபட்சம் 30 நாள், சனி ஞாயிறையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். 30 நாளுக்கு 12,000 டாலர். ஆக, கையேட்டில் இருந்த ஒரே ஒரு வரிக்கு 15,600 டாலர் வரைக்கும் கேட்கலாம் என்ற நிலை. "சட்டம் தெரியாமத்தானே செஞ்சேன்" என்றார் அவர். தெரியாது என்பது அங்கே எடுபடாது.

நான் பதினைந்து வருஷமாக நியூ ஜெர்சியில் சின்னக் கம்பெனிகளுக்கு ஹெச்.ஆர். ஆலோசனை சொல்லி வருகிறேன். வக்கீல் இல்லை, வக்கீலிடம் போகும் முன்பும் பின்பும் என்னிடம் வருவார்கள். 2020-க்கு அப்புறம் நான் பார்க்கும் பிரச்சினைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். கம்பெனி எங்கே பதிவாகியிருக்கிறது என்பதை வைத்துக் கையேடு எழுதுகிறார்கள். சட்டமோ, ஊழியர் எந்த மாநிலத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறக்கிறார் என்று பார்க்கிறது. "இந்தக் கையேடு டெக்சாஸ் சட்டத்துக்கு உட்பட்டது" என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கலிபோர்னியாவில் இருந்து வேலை செய்பவரை அந்த வரி கட்டிப்போடாது.

சரி, அந்த டாலஸ் கையேட்டை வாங்கி முழுக்கப் படித்தேன். லீவு வரி ஒன்றுதான் சிக்கல் என்று நினைத்திருந்தார், இல்லை. "எங்களிடம் 50 பேருக்கும் குறைவு, குடும்ப மருத்துவ விடுப்பு எங்களுக்குப் பொருந்தாது" என்று ஒரு பத்தி. மத்திய சட்டப்படி அது சரி. ஆனால் கலிபோர்னியாவின் குடும்ப விடுப்புச் சட்டத்துக்கு 2021-லிருந்து 5 பேர் இருந்தாலே போதும், அந்த 5 பேரும் கலிபோர்னியாவில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு வருஷம் வேலை பார்த்து 1,250 மணி நேரத்தைத் தாண்டிய ஊழியருக்கு 12 வாரம் வரை விடுப்பு உண்டு, சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை அவருக்காகக் காத்திருக்க வேண்டும். பிறந்த குழந்தையோடு இருக்கவோ, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் பார்த்துக்கொள்ளவோ கேட்கும் ஒருவரிடம் அந்தப் பத்தியைக் காட்டி "உனக்கு உரிமை இல்லை" என்று சொல்லியிருந்தால், 3,600 டாலர் ஒன்றுமே இல்லை என்று ஆகியிருக்கும்.

அடுத்து, நம் கன்சல்டிங் கம்பெனிகள் எல்லாவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டும் அந்த நிபந்தனை: "விலகிய பின் 12 மாதங்களுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது." கலிபோர்னியாவில் அது வெற்றுக் காகிதம். வெற்றுக் காகிதமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, இப்போது அதை எழுதுவதே சட்டமீறல். 2022 ஜனவரி 1-க்குப் பிறகு வேலையில் இருந்தவர்களுக்கு "அந்த நிபந்தனை செல்லாது" என்று 2024 பிப்ரவரி 14-க்குள் தனித்தனியாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றே மாநிலம் உத்தரவிட்டது. எனக்குத் தெரிந்த சின்னக் கம்பெனிகளில் அந்தக் கடிதத்தை அனுப்பியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

வீட்டிலிருந்து சொந்த செல்போனில் கிளையன்ட்டிடம் பேசச் சொல்கிறீர்களா? கலிபோர்னியாவில் அந்த பில்லில் நியாயமான ஒரு பங்கு உங்கள் பொறுப்பு. அன்லிமிடெட் பிளான்தானே, கூடுதல் செலவு ஏது என்ற வாதத்தை 2014-லேயே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. இல்லினாய்ஸிலும் வேலைச் செலவைத் திருப்பித் தரும் சட்டம் இருக்கிறது.

எல்லாம் கலிபோர்னியாவில்தானே, நமக்கென்ன என்று நியூ ஜெர்சியின் எடிசனிலும் பிஸ்கடாவேயிலும் இருப்பவர்கள் நினைக்க வேண்டாம். நியூ ஜெர்சியில் 2018 அக்டோபர் 29-லிருந்து, ஒரே ஒரு ஊழியர் இருக்கும் மளிகைக் கடைக்கும் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்புச் சட்டம் உண்டு. 30 மணி நேர வேலைக்கு 1 மணி நேரம், வருஷத்துக்கு 40 மணி நேரம் வரை. தனக்கு மட்டுமில்லை, குடும்பத்தில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளவும் எடுக்கலாம். இந்த இடத்தில்தான் இணையத்தில் இறக்கிய கையேடுகள் மாட்டிவிடுகின்றன. "கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர்" என்று நான்கு பேரோடு நிறுத்திவிடுவார்கள். நியூ ஜெர்சிச் சட்டமோ ரத்த உறவுள்ள எவரையும், ரத்த உறவு இல்லாவிட்டாலும் குடும்பம் போலவே நெருங்கியவரையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரு ஓட்டலில் வேலை பார்த்த தம்பி, தன்னை வளர்த்த சித்தியின் ஆபரேஷனுக்காக இரண்டு நாள் கேட்டான். மேனேஜர் கையேட்டைப் பிரித்துக் காட்டி மறுத்தார், அதையும் மீறிப் போனவனை அடுத்த வாரம் ஷெட்யூலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தச் சட்டப்படி, உரிமையைப் பயன்படுத்திய 90 நாளுக்குள் ஒருவர் மேல் நடவடிக்கை எடுத்தால் அது பழிவாங்கல் என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்ட வேண்டியது முதலாளியின் வேலை. அந்தத் தம்பி என்னிடம் வந்தபோது கையில் அந்தக் கையேட்டின் போட்டோ இருந்தது. முதலாளிக்கு எதிராக அதைவிட நல்ல சாட்சியை யாராலும் தயாரித்துத் தர முடியாது.

இன்னொன்றும் நியூ ஜெர்சிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தின் மீது வூலி என்பவர் தொடுத்த வழக்கில், 1985-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தகுந்த காரணம் இல்லாமல் நீக்க மாட்டோம் என்ற பொருளில் கையேட்டில் எழுதி எல்லோருக்கும் கொடுத்திருந்தால், அது ஒப்பந்தமாகவே கட்டுப்படுத்தக்கூடும், "இது ஒப்பந்தம் அல்ல" என்று தெளிவாக, கண்ணில் படும் இடத்தில் போடாதவரை. ஆகவே அந்த வரியை 40-ஆம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளித்து வைக்காதீர்கள். மொன்டானாவில் ஆள் இருந்தால் அந்த வரியும் போதாது, பரிசோதனைக் காலம் முடிந்தபின் நியாயமான காரணம் இல்லாமல் அங்கே நீக்க முடியாது, 1987-லிருந்து அப்படி.

"சம்பளத்தை ஒருவருக்கொருவர் சொல்லக்கூடாது" என்ற வரி உங்கள் கையேட்டில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதற்கு மாநிலம்கூடத் தேவையில்லை, 1935-ஆம் வருஷத்து மத்திய சட்டமே சாதாரண ஊழியர்களுக்கு அந்த உரிமையைத் தருகிறது.

நான் செய்யச் சொல்வது பெரிய வேலை இல்லை. எல்லோருக்கும் பொதுவான கையேடு ஒன்று, ஆள் இருக்கும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் நான்கைந்து பக்கத்தில் தனி இணைப்பு. இரண்டும் முரண்பட்டால் இணைப்பில் இருப்பதே செல்லும் என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி. அந்த மாநிலத்து வக்கீல் ஒருவர் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும், அந்தச் செலவில் மட்டும் கை வைக்காதீர்கள். ஜனவரி 1-லும் ஜூலை 1-லும் நிறைய மாநிலங்களில் புதுச் சட்டங்கள் அமலுக்கு வரும், அதற்கு ஒரு மாதம் முன்னால் இணைப்புகளை எடுத்துப் பாருங்கள். அப்புறம், யாராவது "வீடு மாறுகிறேன்" என்று சொன்னால் பேரோலுக்கு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள், அன்றைக்கே புது மாநிலத்து இணைப்பைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

டாலஸ்காரர் அந்தப் பெண்ணிடம் நேராகப் பேசி, லீவுப் பணம் முழுவதையும் அபராதத்தில் ஒரு பகுதியையும் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார். போன மாதம் மறுபடியும் கூப்பிட்டார், இந்த முறை வார நாளில், நிதானமாக. "ஒரு பையன் டென்வருக்கு மாறுறேங்கறான், கொலராடோவுக்கு என்னங்க வேணும்?" என்று கேட்டார். அந்தப் பையன் இன்னும் பெட்டி கட்டவில்லை.