படுக்கப் போகும்போது அடுப்பின் காற்றை மூடாதீர்கள்

மறுபடியும் அதே புகைக்குழாய், அதே கறுப்பு. அறையைச் சூடேற்ற விறகு எரிக்கும் கணப்பு அடுப்பின் குழாயைக் கழற்றினால் உள்ளே தார் உருக்கிப் பூசினாற்போல ஒரு மினுமினுப்பு. நகத்தால் கீறினால் கீறல் விழாது, பிரஷ்ஷை விட்டால் வழுக்கிக்கொண்டு போகும். காரணம் கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "ராத்திரி விறகை நிறைய அடுக்கி, காற்றுத் துவாரத்தை இறுக்க மூடிவிடுவோம். விடியும்வரை கதகதப்பு இருக்கும், விறகும் மிச்சம்."

விறகு மிச்சமே ஆவதில்லை. விறகு தரும் சூட்டில் பாதிக்கும் மேல், அது சூடேறும்போது கிளம்புகிற வாயுவில்தான் இருக்கிறது. அந்த வாயு பற்றி எரிய ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடும் தாராளமான காற்றும் வேண்டும். காற்றை அடைத்தால் ஜுவாலை அடங்கும். வாயு கிளம்புவது அடங்காது. காசு கொடுத்து வாங்கிய விறகில் பாதி எரியாத புகையாகக் கூரை வழியே வெளியேறுகிறது. போகிற வழியில் குளிர்ந்த குழாய்ச் சுவரில் படிவதுதான் கிரியோசோட். முதலில் கரிப்பொடி, பிறகு பொருக்கு, கடைசியில் அந்தத் தார்ப்பூச்சு. பொடியையும் பொருக்கையும் பிரஷ் எடுத்துவிடும். தார்ப்பூச்சுக்கு ரசாயனமோ சுழல் சங்கிலியோ வேண்டும். சில நேரம் புகைபோக்கிக்குள் பொருத்திய உள்குழாயையே மாற்ற வேண்டிவரும்.

அடுப்பின் கதவுக் கண்ணாடி கறுத்துக் கிடந்தால், குழாய் துடைக்க வரும் எங்களுக்கு அதன் நிலை பாதி தெரிந்துவிடும்.

"ஒருநாள் பெருந்தீ போட்டு எல்லாவற்றையும் எரித்துவிடலாமே" என்பவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். அது நீங்களே புகைபோக்கிக்குத் தீ வைப்பது. உள்ளே 1000 டிகிரியைத் தாண்டும், ரயில் கடப்பதுபோல இரைச்சல் கேட்கும், உள்குழாய் வெடிக்கும், சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் பற்றிக்கொள்ளும். அப்படி நடந்துவிட்டால் அடுப்புக் கதவையும் காற்றுத் துவாரத்தையும் மூடிவிட்டு, எல்லோரையும் வெளியேற்றித் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள். காற்றை முழுக்க மூட வேண்டிய நேரம் அது ஒன்றுதான். அடுப்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

தினப்படி செய்ய வேண்டியது எளிது. சிறு சிறு விறகாகப் போடுங்கள். புது விறகு நன்றாகப் பற்றும்வரை காற்றை முழுக்கத் திறந்து வையுங்கள். பிறகு குறைத்தாலும் ஜுவாலை துள்ளிக்கொண்டிருக்க வேண்டும். ஒற்றைச் சுவர்க் குழாயானால், அடுப்புக்கு அரை மீட்டர் மேலே ஒரு காந்த வெப்பமானியை ஒட்டிவிடுங்கள். 120 முதல் 240 டிகிரிக்குள் முள் நிற்கட்டும். இரவில் தானாகத் தணலாக அடங்க விடுங்கள்.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரமானியை விறகின் வெளிப்பக்கத்தில் குத்திவிட்டுத் திருப்திப்படாதீர்கள்; பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தில் குத்திப் பாருங்கள்.

அடுத்து கதவுக் கயிறு, அதாவது அடுப்புக் கதவின் விளிம்பைச் சுற்றி இடுக்கை அடைக்கும் கயிறு. இது தேய்ந்தால் காற்று உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் கயிறு செத்துவிட்டது. கதவைச் சுற்றி நாலைந்து இடத்தில் இப்படிப் பாருங்கள். மாற்றும்போது பழைய பசையைத் துளியும் விடாமல் சுரண்டி, பள்ளத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அடுப்புக்கான பசையை மெல்லிய கோடாக இட்டு, கயிற்றை அழுத்தி உட்கார்த்துங்கள். இழுத்து ஒட்டாதீர்கள்! இழுத்தால் மெலியும், பிறகு சுருங்கி முனைகளில் இடைவெளி விடும். பழைய கயிற்றின் அதே தடிமன்தான் வேண்டும். பருமனானதைத் திணித்தால் கதவு சரியாக மூடாது. கதவை மூடி ஒருநாள் காயவிட்டு, முதல் தீயைச் சிறியதாகப் போடுங்கள்.

அடுப்பின் உட்சுவரில் பதித்த தீக்கல்லில் (சூடு தாங்கும் செங்கல்) மயிரிழை விரிசல் இருந்தால் பரவாயில்லை. பெயர்ந்து பின்னாலுள்ள இரும்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். அடுப்புக்குள் தீக்கு மேலே இருக்கும் தடுப்புத் தகட்டின் முதுகில் கரி குவிந்து வழியை அடைக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. குழாயைத் துடைக்குமுன் தகட்டைக் கழற்றுங்கள், முடிந்ததும் மறக்காமல் மாட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சோதனை கட்டாயம். படிவு 3 மில்லிமீட்டர் ஆகிவிட்டால் ஆண்டு முடியக் காத்திருக்க வேண்டாம்.

அடைத்த குழாய் கார்பன் மோனாக்சைடை அறைக்குள் திருப்பிவிடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல் என்று படுத்தவர் எழாமலே போகலாம். அடுப்புள்ள அறையில் அதற்கான எச்சரிக்கைக் கருவி வையுங்கள், மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சாம்பலை முழுக்க வழிக்க வேண்டாம். இரண்டு சென்டிமீட்டர் அடியில் இருந்தால் தணல் தங்கும். அள்ளியதை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே மண்தரையிலோ கல்லிலோ வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் வாளி, அட்டைப்பெட்டி, வீட்டு வேக்குவம் கிளீனர் எதுவும் கூடாது.