ஒதுக்கிய பை இன்னும் வாசலிலேயே நிற்கிறதா?

வீடுகளைக் காலி செய்து ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் தொழில். என்னைக் கூப்பிடுகிறவர்களில் பலர் ஏற்கெனவே தாங்களே தொடங்கிப் பாதியில் விட்டவர்கள். "எனக்குச் சோம்பேறித்தனம்மா" என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. கதவோரம் கட்டி வைத்த பைகள், சோபாவுக்குப் பின்னால் 'கொடுக்கணும்' என்று எழுதி ஒட்டிய அட்டைப்பெட்டி. ஒதுக்குகிற வேலையைச் செய்துதான் இருக்கிறார்கள். ஒதுக்கியது வெளியே போகவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் யாராவது ஒருவர் "அந்த டப்பா எங்கே?" என்று கேட்டுப் பையைப் பிரிப்பார். மறுபடி எல்லாம் அலமாரிக்குள். உற்சாகமும் அதோடு போச்சு.

அதனால் அலமாரியைத் திறக்கும் முன், எந்தச் சாமான் எந்த வழியாக வீட்டைவிட்டுப் போகும் என்று பேசி முடித்துவிடுவேன். சிங்கப்பூரில் இதற்கு வழிகள் தாராளம்.

பழைய செய்தித்தாள், இரும்புச் சாமான் என்றால் காராங்குனி, அதாவது வீடு வீடாக வந்து பழைய சாமான் வாங்குகிறவர். ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறவரிடம் அடுத்து எப்போது வருவார் என்று கேட்டு வையுங்கள். மெத்தை, அலமாரி, சோபாவுக்கு வட்டாரத்தைப் பராமரிக்கும் நகர மன்றம் இருக்கிறது. பல நகர மன்றங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளிலிருந்து மாதத்துக்கு மூன்று பெரிய சாமான்கள் வரை இலவசமாக எடுத்துச் செல்கின்றன. முன்பதிவு வேண்டும், உங்கள் வட்டாரத்து விதி என்னவென்றும் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக ஃபிரிட்ஜோ சலவை இயந்திரமோ வாங்கினால், கொண்டுவந்து இறக்குகிறவர்களே அதே வகைப் பழையதை இலவசமாக எடுத்துப் போக வேண்டும் என்பது 2021 ஜூலையிலிருந்து சட்டம். வாங்கும்போதே கடையில் சொல்லிவிடுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இழுப்பறையில் சுருண்டு கிடக்கும் சார்ஜர்களும் செத்துப்போன கைபேசிகளும் கடைத்தொகுதிகளில் இருக்கும் மின்கழிவுத் தொட்டிக்குப் போகட்டும்.

நல்ல நிலையில் உள்ள துணி, பாத்திரம், பொம்மைகளுக்கு சால்வேஷன் ஆர்மி, மைண்ட்ஸ் போன்ற தொண்டு அமைப்புகள் நடத்தும் கடைகள் உண்டு. எதை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கிழிந்ததையும் கறை பட்டதையும் அங்கே தள்ளிவிட்டு தர்மம் செய்த திருப்தியோடு திரும்புவது எனக்குப் பிடிக்காத விஷயம். அதைப் பிரித்துப் போட அங்கே யாரோ ஒருவர் உட்கார வேண்டும். புளோக்குக்குக் கீழே இருக்கும் நீல மறுசுழற்சித் தொட்டியிலும் இதே கதைதான். அதில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு ஆகாதது என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம்.

இருக்கிற வழிகளிலேயே அதிகம் அடைத்துக்கொள்வது கரோசல், பழைய சாமானை நாமே போட்டு விற்கும் இணையச் சந்தை. "சும்மா ஏன் கொடுக்கணும், போட்டா பத்து வெள்ளி வருமே!" வரும். ஆனால் படம் எடுக்க வேண்டும், பேரம் பேச வேண்டும், எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு வருகிறேன் என்றவர் வராமல் போனால் மறுபடி முதலிலிருந்து. அதுவரை அந்தப் பத்து வெள்ளிச் சாமான் உங்கள் சாப்பாட்டு மேசையில்தான் குடியிருக்கும். நல்ல விலை போகக்கூடிய ஒன்றிரண்டை மட்டும் விற்கப் பாருங்கள். அதற்கும் ஒரு தேதி வைத்து, தாண்டினால் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் தாழ்வாரம். 'நாளைக்கு எடுத்துடுவாங்க' என்று வெளியே வைத்தது வாரக்கணக்கில் நிற்கும். தீ விபத்தின்போது ஆட்கள் ஓட வேண்டிய பாதை அது. குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி.

சரி, வழி தெரிந்தாகிவிட்டது. எங்கே தொடங்குவது? வீட்டில் உள்ள துணியை எல்லாம் கட்டிலில் கொட்டிக் குவிக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. நம் நாலறை வீட்டில் கொட்டலாம், ராத்திரி எங்கே படுப்பது? நான் சொல்வது ஒரு தட்டு, ஒரு இழுப்பறை. அதுவும் நினைவு எதுவும் ஒட்டாத இடமாகப் பார்த்து. சமையலறையில் பிளாஸ்டிக் டப்பா வைக்கும் அலமாரி அதற்கு ஏற்றது. மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம் போடுங்கள். ஜோடி சேராதது போகட்டும். மஞ்சள் கறை ஏறி, மூடி வளைந்து, சாம்பார் ஊற்றினால் ஒழுகும் என்று தெரிந்தும் வைத்திருக்கிற அந்த ஐஸ்கிரீம் டப்பாவும் போகட்டும். முடித்ததும் மற்ற அலமாரிகளைத் திறக்காதீர்கள். சாப்பிடக் கீழே இறங்கும்போது பையைக் கையோடு கொண்டுபோய்விட்டு வாருங்கள்.

இந்த வேலையில் உடம்பைவிட மூளைதான் சீக்கிரம் களைக்கும். ஒவ்வொரு சாமானும் 'வைக்கவா, கொடுக்கவா' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கேள்விகளை மொத்தமாகக் குறைத்துவிட வேண்டும். தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடித்த பிள்ளையின் பயிற்சிப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டத் தேவையில்லை, அடுக்கோடு தூக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரவும் வேண்டாம். களைத்த பிறகு எடுக்கும் முடிவெல்லாம் 'இருக்கட்டும்' என்றுதான் முடியும். வேலை தொடங்கும் முன் அடுக்குப் பெட்டிகள் வாங்கிக் குவிப்பவர்களும் உண்டு. காலிப் பெட்டி இருந்தால் நிரப்பத்தான் தோன்றும்.

பட்டுப் புடவைகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அதிலும் காலமானவர்களின் புடவைகளை. ஒரு ஆன்ட்டி வீட்டில் பாம் ஷெல்டருக்குள், அதாவது வீட்டோடு கட்டிய பாதுகாப்பு அறைக்குள், பெட்டி பெட்டியாக அவருடைய அம்மாவின் புடவைகள். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒன்றை எடுத்தோம். பூஞ்சை வாடை. மடிப்பு விழுந்த இடத்தில் சரிகை ஒடிந்திருந்தது. இந்த ஊர்ப் புழுக்கத்துக்குப் பட்டைப் பிளாஸ்டிக்கில் அடைக்கவே கூடாது. பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். "இத்தனைக்கும் அதைச் செய்ய முடியுமா ஆன்ட்டி?" என்று கேட்டேன். பதில் இல்லை. "எதைப் பார்த்தா அம்மா ஞாபகம் வருது?" என்றதும் பட்டை எல்லாம் தள்ளிவிட்டு வெளுத்துப்போன ஒரு சுங்குடியை எடுத்தார். "இதைத்தாம்மா எப்பவும் கட்டிக்கிட்டு நிப்பாங்க." மற்றதைக் கொடுப்பது அதன் பிறகு எளிதாகிவிட்டது. தங்கை, அண்ணன் பிள்ளைகளை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். பிடித்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். யார் யாருக்கோ 'ஒருநாள் கொடுக்கணும்' என்று இருந்தவை தேதி குறித்ததும் கிளம்பிவிட்டன.

மற்றவர் சாமானை மட்டும் தொடாதீர்கள். மாமியாரின் எவர்சில்வர் அடுக்கு உங்கள் கண்ணுக்கு இடைஞ்சலாகத் தெரியலாம். அவருக்குத் தெரியாமல் ஒரு தூக்குச்சட்டி போனால், அடுத்த நாளிலிருந்து அவர் எதையும் விடமாட்டார். உங்கள் பக்கத்து அலமாரி காலியாவதைப் பார்த்து அவராகவே "இதையும் எடுத்துடு" என்று சொன்ன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சொல்லாத வீடுகளும் உண்டு. அங்கே அந்த அடுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

நடக்கவே இடமில்லை, அடுப்பு மேலேயும் கட்டில் மேலேயும் சாமான், ஒரு காகிதத்தை எடுத்தாலும் அந்த மனிதர் பதறுகிறார் என்றால் என்னைப் போன்றவர்களைக் கூப்பிட்டுப் பயனில்லை. அளவுக்கு மீறிப் பொருள் சேர்ப்பது தனியான ஒரு மனநலக் கோளாறு என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல் வகைப்படுத்தியது. அவர் இல்லாத நேரம் பார்த்து லாரி வைத்துக் காலி செய்தால் அவர் நொறுங்கிப்போவார், வீடும் மறுபடி நிரம்பும். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் பேசுங்கள், தேவைப்பட்டால் மனநலப் பிரிவுக்கு அவர் அனுப்பி வைப்பார்.

இன்னொன்று, சீனப் புத்தாண்டுக்கு முன் ஊரே வீட்டைச் சுத்தம் செய்யும். மெத்தையும் சோபாவும் போட வேண்டியிருந்தால் நகர மன்றத்தில் அதற்கு முன்பே பதிவு செய்துவிட்டு, அந்தத் தேதியை வைத்து வேலையைத் தொடங்குங்கள்.